சிஎம்டிஏ சாருங்களுக்கு: ரோட்டுக்கு கோடு போடுறதுக்கு முன்னாடி ஒரு ஐப்பசி மழையில வந்துட்டுப் போங்க

எழும்பூர் தாளமுத்து நடராசன் மாளிகையில, சிஎம்டிஏங்குற சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழும ஆபீஸ்ல உக்காந்து புதுநகரங்களுக்கு பிளான் போட்டுட்டு இருக்குற சாருங்களுக்கும் மேடங்களுக்கும், உங்களுக்காக கம்ப்யூட்டர்ல மேப் வரையிற கன்சல்டன்ட் பசங்களுக்கும், முடிச்சூர் பக்கத்துல இருந்து ஒரு சாதாரண வீட்டுக்காரம்மா எழுதுறது. வணக்கம்.

திருமழிசை, மீஞ்சூர், திருவள்ளூர், செங்கல்பட்டு, மாமல்லபுரம், காஞ்சிபுரம்னு ஆறு ஊருக்கு புதுநகர் திட்டம் போடுறீங்கன்னு படிச்சேன், அதுக்கு மேல 2025 பட்ஜெட்ல சென்னைக்குப் பக்கத்துல 2,000 ஏக்கர்ல ஒரு புது நகரம்னு வேற சொன்னாங்க. நான் இதை எதிர்த்து எழுதல. எதிர்க்கிற தகுதியும் எனக்கு இல்ல, ஏன்னா நானே ஒருத்தரோட நெல்லு வயல் மேலதான் ரெண்டு பெட்ரூம் வீடு கட்டி உக்காந்துட்டு இருக்கேன். சிட்டிக்குள்ள வாங்க முடியாதவங்க எங்க போவாங்க, புறநகருக்குத்தான் வரணும், எங்கள மாதிரி. அதனால புதுசா ஊரு வரட்டும். வர்ற வரிசையை மட்டும் மாத்துங்க, அதைச் சொல்லத்தான் இந்த லெட்டர்.

வரிசைன்னா என்னன்னு எங்க லேஅவுட்டை வச்சே சொல்றேன். நாங்க 2009-ல பிளாட் வாங்கினோம், அப்ரூவ்டு லேஅவுட்தான், பேப்பரெல்லாம் பக்கா, பேங்க் லோன் கூட ஒரு கேள்வி கேக்காம குடுத்தான். நோட்டீஸ்ல "ஏர்போர்ட்டுக்கு 20 நிமிஷம்"னு போட்டிருந்தாங்க (ராத்திரி 2 மணிக்கு போனா ஒருவேளை போகலாம்). முதல்ல வந்தது பிளாட் கல்லு, அப்புறம் வீடு, அப்புறம் கரண்ட் கம்பம், அப்புறம் ரோடு, அதுக்கப்புறம் மழைநீர் வடிகால், அதுவும் எங்கயும் போய்ச் சேராத வடிகால், கடைசி வீட்டு காம்பவுண்ட்ல முட்டி நிக்கும். பாதாள சாக்கடை இன்னும் வரல. செப்டிக் டேங்க் லாரிக்காரர் நம்பர் எங்க தெருவுல எல்லார் போன்லயும் இருக்கு, சொந்தக்காரங்க நம்பரை விட அதைத்தான் அதிகமா தேடுவோம். ஒரு ஊருக்கு எது முதல்ல வரணுமோ அது எல்லாம் கடைசியா வந்துச்சு, கடைசியா வரவேண்டிய நாங்க முதல்ல வந்துட்டோம்.

இப்ப மூணாவது தெரு கதைக்கு வரேன். எங்க லேஅவுட்ல எல்லா தெருவும் ஸ்கேல் வச்சு போட்ட மாதிரி நேரா இருக்கும், மூணாவது தெரு மட்டும் நடுவுல பாம்பு மாதிரி வளைஞ்சு போகும். ஏன் வளையுதுன்னு யாரும் கேக்கல. எனக்கு அது அழகாத்தான் தெரிஞ்சுச்சு, அந்த வளைவுல ஒரு பெரிய புங்க மரம் வேற நிக்குது.

2015 டிசம்பர் 1 அன்னிக்கு ராத்திரி அந்த தெரு வழியாத்தான் தண்ணி வந்துச்சு. அன்னிக்கு ஒரே நாள்ல தாம்பரத்துல 49 சென்டிமீட்டர் மழை. டிவியில எல்லாரும் செம்பரம்பாக்கம் செம்பரம்பாக்கம்னு பேசிட்டு இருந்தாங்க, ஆனா செம்பரம்பாக்கத்து உபரி தண்ணி அடையாத்துல சேர்றது எங்களுக்கு கீழ, திருநீர்மலை பக்கத்துல. எங்களை மூழ்கடிச்சது ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிங்க ஒண்ணு மாத்தி ஒண்ணு நிரம்பி வழிஞ்ச தண்ணி. வாசல் வழியா வரும்னு மணல் மூட்டை கட்டி வச்சுட்டு நானும் வீட்டுக்காரரும் கதவுகிட்டயே நிக்கிறோம், அது பாத்ரூம் ஓட்டையில இருந்து வருது, அப்புறம் கிச்சன் சிங்க்குல இருந்து களக் களக்னு சத்தம். கதவுக்கு வெளிய தண்ணி ஏறுறதுக்கு முன்னாடியே உள்ள கணுக்கால் அளவு நின்னுச்சு. அன்னிக்கு நின்ன கோடு இன்னும் ஹால் சுவத்துல இருக்கு, மூணு தடவை பெயின்ட் அடிச்சாச்சு, ஒவ்வொரு கார்த்திகைக்கும் உப்பு பூத்து அதே உசரத்துல மறுபடி வெளிய வந்துரும்.

தண்ணி வடிஞ்சப்புறம் ஒரு பெரியவர் வந்தாரு, பழைய ஊர்க்காரர், அந்தக் காலத்துல அவங்க குடும்பம்தான் ஏரி மதகைத் திறந்து வயலுக்கு தண்ணி பிரிச்சு விடுற நீர்க்கட்டி வேலை பாத்தவங்க. வளைவுல இருக்குற புங்க மரத்துக்கிட்ட நின்னு குச்சியால தட்டி, "ஏம்மா, இது ரோடு இல்லம்மா, வாய்க்கால். ஏரி நிரம்பினா கலங்கல்ல இருந்து வழியிறது இந்தப் பக்கமாத்தான் போவும். அது பழைய வழிய மறக்குமா?"ன்னாரு. நான் அன்னிக்கு நம்பல. அப்புறமா ஒரு நாள் ஆன்லைன்ல எஃப்எம்பி ஸ்கெட்ச் (சர்வேக்காரங்க நிலத்தை அளந்து வரைஞ்ச படம்) எடுத்து கிராம மேப்போட வச்சுப் பாத்தா, அதே வளைவு, அப்படியே இருக்கு. எங்க மூணாவது தெரு சர்வே மேப்புல வாய்க்கால். லேஅவுட் போட்டவங்க அதை மூடி, மேல தார் ஊத்தி, "30 அடி ரோடு"ன்னு வித்துட்டாங்க. அந்த மேப்பை வச்சு அப்ரூவல் குடுத்த ஆபீஸ்லயும் கிராம மேப் இருந்திருக்கும்தானே சார். யாரோ ஒருத்தர் ரெண்டையும் ஒரே மேஜையில விரிச்சு வச்சிருந்தா போதும், அரை மணி நேர வேலை.

அதனாலதான் சொல்றேன், உங்க புதுநகர் மேப்புல முதல் கோடு ரோடா இருக்கக் கூடாது, தண்ணியா இருக்கணும். செங்கல்பட்டு காஞ்சிபுரத்தை ஏரி மாவட்டம்னு சும்மா சொல்லல. ஏரிங்க தனித்தனியா இல்ல, ஒண்ணோட கலங்கல் வழிஞ்சா அடுத்ததோட வரத்துக்கால் (தண்ணி உள்ள வர்ற வாய்க்கால்), அது வழிஞ்சா அதுக்கடுத்தது, கடைசியில ஆறு, படிக்கட்டு மாதிரி. நீங்க ஏரியை மட்டும் நீலக் கலர்ல காட்டி காப்பாத்திட்டோம்னு சொல்றீங்க, ஆனா ஏரிக்கும் ஏரிக்கும் நடுவுல போற ஆறடி வாய்க்காலை மஞ்சக் கலர்ல குடியிருப்புன்னு போட்டுட்டா ஏரி இருந்து என்ன பிரயோஜனம், வெறும் குட்டைதான். அந்த வாய்க்கால் எல்லாம் சேட்டிலைட் படத்துல தெரியாது, கோடையில எடுத்த படத்துல சுத்தமா தெரியாது, முள்ளுக்காடு மாதிரித்தான் இருக்கும். மழையில நடந்து பாத்தாத்தான் தெரியும்.

ஒரு கணக்கு சொல்றேன், நான் கணக்கு எழுதுற வேலை பாக்குறவ, பழக்க தோஷம். 49 சென்டிமீட்டர் மழைன்னா ஒரு ஏக்கர்ல விழுறது கிட்டத்தட்ட 20 லட்சம் லிட்டர். எங்க தெருவுக்கு வர்ற 12,000 லிட்டர் தண்ணி லாரியில ஏத்தினா 165 லாரி, ஒரே ஒரு ஏக்கருக்கு. 300 ஏக்கர்ல ஒரு டவுன்ஷிப் போட்டீங்கன்னா 60 கோடி லிட்டர், அதாவது 100 ஏக்கர் ஏரியில அஞ்சடி ஆழத்துக்கு நிக்கிற தண்ணி. முன்ன வயலா இருந்தப்ப அதுல ஒரு பங்கை மண்ணு குடிக்கும், ஒரு பங்கு வரப்புக்குள்ள நிக்கும், மிச்சம் மெதுவா வடியும். நீங்க சிமென்ட் போட்டு மூடிட்டா மொத்தமும் ஒரே நேரத்துல கீழ இருக்குற ஊருக்கு ஓடும். அந்த கீழ ஊர்ல தான் சார் நாங்க இருக்கோம், எப்பவும் யாராவது ஒருத்தர் கீழ ஊர்லதான் இருப்பாங்க. வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்பு 2003-லயே கட்டாயம் ஆக்குனாங்க, நல்ல விஷயம், ஆனா மூணடி தொட்டி இந்த தண்ணிக்கு எந்த மூலைக்கு? இந்த 60 கோடி லிட்டர் ஊருக்குள்ளயே எங்க நிக்கும்னு மேப்புல இடம் காட்டுங்க, காட்டினப்புறம் மிச்ச இடத்துல வீடு போடுங்க. விளையாட்டு மைதானத்தை நாலடி தாழ்வா போட்டா கூட போதும், வருஷத்துல பத்து நாள் குளமா இருக்கும், மிச்ச நாள் பசங்க கிரிக்கெட் ஆடட்டும்.

இது புதுப் பிரச்சனையும் இல்ல. நம்ம ஊர்ல பிளான் பண்ணி போட்ட புறநகர்ல முக்கியமானது தி.நகர், 1920கள்ல போட்டது, எங்க போட்டாங்க? மாம்பலம் ஏரியை உடைச்சு விட்டு அந்த ஏரித்தரையில. மேற்கு மாம்பலத்துல லேக் வியூ ரோடுன்னு ஒண்ணு இன்னும் இருக்கு, போய்ப் பாருங்க, வியூவும் இல்ல லேக்கும் இல்ல, மழை வந்தா மட்டும் கொஞ்ச நேரம் லேக் திரும்பி வரும். அப்புறம் முகப்பேர் ஏரி ஸ்கீம், அம்பத்தூர் ஏரி ஸ்கீம்னு பேருலயே ஏரியை வச்சுக்கிட்டு வீடு கட்டினோம், வெக்கமே இல்லாம. பள்ளிக்கரணையைப் பத்தி நான் சொல்ல வேண்டியதே இல்ல, ஆயிரக்கணக்கான ஏக்கர் போனப்புறம் மிஞ்சினதுக்கு 2022-ல உலக அளவுல முக்கியமான ஈரநிலம்னு ராம்சார் பட்டம் வாங்கிக் குடுத்தோம், 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்ப அந்த சதுப்பு தன் பழைய இடத்தை எல்லாம் ஒரு ரவுண்டு பாத்துட்டுப் போச்சு.

அடுத்து இந்த "காலி நிலம்" விஷயம். உங்க ரிப்போர்ட்ல எல்லாம் வளர்ச்சி அடையாத நிலம்னு வருது, ரெவின்யூ ரெக்கார்டுல தரிசுன்னு வரும், மேய்க்கால் புறம்போக்குன்னு வரும். தரிசுன்னா காலின்னு அர்த்தம் இல்ல சார். எங்க பக்கம் இன்னும் மிச்சம் இருக்குற கொஞ்ச நிலத்துல காலையில ஆறு மணிக்கு நடந்து பாருங்க, ஆடு மேயும், அறுவடை முடிஞ்ச வயல்ல எங்கிருந்தோ வாத்துக்காரங்க நூத்துக்கணக்கான வாத்தை ஓட்டிட்டு வந்து பத்து நாள் கூடாரம் போட்டு இருப்பாங்க, ஏரிக்கரை ஓரமா இருளர் குடும்பங்க இருக்கும், நண்டு பிடிப்பாங்க, எலி பிடிப்பாங்க, நம்ம வீட்டுக்குள்ள நல்லபாம்பு வந்தா முதல்ல ஓடி வர்றதும் அவங்கதான். பாதிப் பேருக்கு பட்டா கிடையாது. டவுன்ஷிப்னு ஒண்ணு வந்ததும் முதல்ல "ஆக்கிரமிப்பு"ன்னு காலி பண்றது அந்த பத்து குடிசையைத்தான், வாய்க்காலை மூடி பிளாட் போட்டவங்களை இல்ல. உங்க பிளான்ல முதல் பட்டா அந்தப் பத்து குடிசைக்கு எழுதுங்க, அங்கயே, அந்த ஊருக்குள்ளயே. தூக்கிட்டுப் போய் 20 கிலோமீட்டர் தள்ளி விடுறது வேண்டாம், அதுக்குத்தான் பெரும்பாக்கம் இருக்கே பாத்தோமே. கூவம் கரையில அடையாறு கரையில இருந்தா வெள்ளம் வரும்னு சொல்லி கூட்டிட்டுப் போய், வெள்ளம் வர்ற சதுப்பு ஓரத்துல எட்டு மாடியில 20,000 வீடு கட்டி விட்டாங்க. வீட்டு வேலைக்கு மயிலாப்பூர் போய்ட்டு இருந்த அக்காங்க எல்லாம் பஸ்ஸுக்கே மூணு மணி நேரம் போக, வேலையையே விட்டுட்டாங்க.

அதனால யாருக்கு ஊரு போடுறீங்கன்னு முதல்ல எழுதி வச்சுக்கோங்க. திருமழிசையைத் தாண்டி ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் ஃபேக்டரியில வேலை பாக்குறதுல பாதிக்கு மேல 20, 22 வயசுப் பொண்ணுங்க மாதிரித்தான் ஷிப்ட் பஸ்ல பாத்தா தெரியுது. வல்லம் வடகால்ல சிப்காட் 2024-ல 18,720 பேர் தங்குற மாதிரி ஹாஸ்டலே கட்டுச்சு, அவ்ளோ தேவை இருக்கு. அந்தப் பொண்ணு கல்யாணம் ஆனப்புறம் எங்க போவா? அவளுக்கு 80 லட்ச ரூபா த்ரீ பிஹெச்கே வேண்டாம், 6,000 ரூபா வாடகைக்கு ஒரு ரூம் கிச்சன் வேணும், நடந்து போற தூரத்துல ஒரு பால்வாடி வேணும். அண்ணா நகர்ல ஹவுசிங் போர்டு எல்ஐஜி, எம்ஐஜி, எச்ஐஜின்னு (குறைஞ்ச, நடுத்தர, அதிக வருமானக்காரங்களுக்கு) மூணையும் ஒரே ஊருக்குள்ள போட்டாங்க, இன்னிக்கு விலை எங்கயோ போயிருச்சுன்னாலும் முப்பது நாப்பது வருஷம் அங்க டிரைவரும் டாக்டரும் ஒரே ரேஷன் கடையில நின்னாங்க. இப்ப வர்றது எல்லாம் கேட் போட்ட டவுன்ஷிப், உள்ள நீச்சல் குளம், கேட்டுக்கு வெளிய டீக்கடை கூட கிடையாது, செக்யூரிட்டி அண்ணன் சாப்பாட்டுக்கு எங்க போவார்னு யாரும் யோசிக்கல.

பஸ் பத்தி. இதுல எனக்கு கோவம் கொஞ்சம் ஜாஸ்தி வரும், பொறுத்துக்கோங்க. கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டை 2023 டிசம்பர் 30-ந் தேதி திறந்தீங்க, பிரமாதமான பில்டிங், நான் குறை சொல்ல மாட்டேன், ஆனா தண்டவாளம் பக்கத்துலயே ஓடுது, திறந்தப்ப ரயில் நிக்க ஸ்டேஷன் இல்ல. பொங்கலுக்கு ஊருக்குப் போறவங்க கைக்குழந்தையும் பையுமா ஜிஎஸ்டி ரோட்டுல ஆட்டோக்காரர்கிட்ட பேரம் பேசிட்டு நின்னாங்க. பறக்கும் ரயில் 2007-ல வேளச்சேரி வந்துச்சு, அங்கிருந்து பரங்கிமலைக்கு வெறும் அஞ்சு கிலோமீட்டர், அதுக்கு 15 வருஷத்துக்கு மேல ஓடிருச்சு, நடுவுல அரை கிலோமீட்டர் நிலம் எடுக்குறதுல சிக்கி நின்னதால. இதெல்லாம் ஏற்கனவே வீடு நிறைஞ்ச ஊரு, நிலம் எடுக்குறது கஷ்டம்னு சொல்லுவீங்க, ஒத்துக்கறேன். ஆனா புது ஊர்ல அந்த சாக்கு கிடையாதே. பூந்தமல்லியில இருந்து திருமழிசை வழியா பரந்தூர் வரைக்கும் மெட்ரோ கொண்டு போறதா பிளான் இருக்குல்ல, அந்த ஸ்டேஷனுக்கு இடத்தையும் அதுக்குப் போற நடைபாதையையும் இன்னிக்கே விட்டு வைங்க, மெட்ரோ வர பத்து வருஷம் ஆனாலும் பரவால்ல. அது வரைக்கும் முதல் வீட்டுக்கு சாவி குடுக்குற அன்னிக்கே எம்டிசி பஸ் ஓடணும், காலியா ஓடினாலும் ஓடணும். ஆளுங்க வந்தப்புறம் பஸ் விடலாம்னு நினைச்சீங்கன்னா அதுக்குள்ள எல்லாரும் இஎம்ஐ-ல ஒரு பைக்கும் காரும் வாங்கிருப்பாங்க, அப்புறம் நீங்க ஏசி பஸ் விட்டாலும் ஏற மாட்டாங்க. நாங்க அப்படித்தான் வாங்கினோம்.

நடந்து போற தூரம்னு சொன்னேன்ல, மறைமலை நகர் ஞாபகம் வருது. உங்க ஆபீஸ் 1980-ல ஆரம்பிச்ச ஊருதான் அது, துணைநகரம்னு. அங்க அட்ரஸ் எல்லாம் என்ஹெச் 1, என்ஹெச் 2-ன்னு இருக்கும், நேஷனல் ஹைவே இல்ல, நெய்பர்ஹுட், நான் முதல் தடவை போனப்ப ஹைவேயிலயே தேடிட்டு இருந்தேன். ஒவ்வொரு நெய்பர்ஹுட்டுக்கும் தனியா ஸ்கூல், பார்க், கடைன்னு போட்டது நல்ல யோசனை, தெரு அகலம், மரம் எல்லாம் இன்னிக்கும் பாக்க நல்லா இருக்கு. ஆனா ஊரு நிறைய ரொம்ப வருஷம் ஆச்சு. ஏன் ஆச்சுன்னு உங்க பழைய ஃபைல்லயே இருக்கும், அதைத் தூசி தட்டி எடுத்துப் படிச்சீங்கன்னா வெளிநாட்டு கன்சல்டன்ட் பிபிடியை விட உபயோகமா இருக்கும்.

தண்ணி. வெள்ளம் பத்தி பேசினேன், குடிக்கிற தண்ணியும் அதே கதைதான். 2019 ஜூன்ல நாலு ஏரியும் வத்தி, ஜூலையில ஜோலார்பேட்டையில இருந்து ரயில்ல தண்ணி வந்துச்சு, மறந்திருக்க மாட்டீங்க. 2015-ல மூழ்கின அதே வீட்டுல 2019-ல லாரி தண்ணிக்கு குடத்தோட நின்னேன், நாலே வருஷம். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர்னு நீங்க கணக்கு வைப்பீங்க, ஒரு லட்சம் பேருக்கு தினம் 1.35 கோடி லிட்டர், அதுல ஒரு கோடி லிட்டருக்கு மேல சாக்கடையா திரும்ப வரும். அந்த ஒரு கோடி லிட்டர்தான் சார் உங்க புது ஊரோட ஏரி. கோயம்பேட்டுல கழிவுநீரை ஆர்ஓ பண்ணி பைப் போட்டு இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஃபேக்டரிக்கு அனுப்புறாங்களே, தினம் நாலரை கோடி லிட்டர் சுத்தம் பண்ற பிளான்ட், நம்ம ஊர்லயே ஓடுது, சிங்கப்பூர் போய் பாக்க வேண்டாம். புது ஊர்ல வீட்டுக்கு ரெண்டு பைப் போடுங்க, ஒண்ணு குடிக்க குளிக்க, இன்னொண்ணு சுத்தம் பண்ணின தண்ணி, ஃப்ளஷ்ஷுக்கும் செடிக்கும். எங்கள மாதிரி கட்டி முடிச்ச வீட்டை உடைச்சு ரெண்டாவது பைப் போடச் சொன்னா ஒருத்தரும் செய்ய மாட்டோம், செவுரு பூசுறதுக்கு முன்னாடின்னா அது கொத்தனாருக்கு ரெண்டு நாள் வேலை. போர் மட்டும் நம்பாதீங்க, முக்கியமா மீஞ்சூர்ல. அங்க பல வருஷமா சிட்டிக்கும் ஃபேக்டரிக்கும் உறிஞ்சு உறிஞ்சு கடல் தண்ணி நிலத்தடியில உள்ள வந்துருச்சு, அது மேல இன்னொரு லட்சம் பேரைக் கொண்டு போய் வைக்கிறதா இருந்தா எந்தத் தண்ணின்னு முதல் பக்கத்துலயே எழுதுங்க.

திருமழிசை பத்தி தனியா ஒரு வார்த்தை. அங்க 300 ஏக்கருக்கு மேல துணைக்கோள் நகரம்னு 2011-லயே அறிவிச்சது. 2020 மே மாசம் கொரோனாவுக்கு கோயம்பேடு மார்க்கெட்டை மூடிட்டு அந்த நிலத்துலதான் தற்காலிக காய்கறி மார்க்கெட் போட்டாங்க, ஞாபகம் இருக்கா? மழை வந்ததும் சேறு, லாரி மாட்டிக்கிச்சு, தக்காளியும் கோஸும் தண்ணியில நின்னுச்சு. அது அந்த நிலம் உங்களுக்கு இலவசமா எழுதிக் குடுத்த சர்வே ரிப்போர்ட் சார். வடக்கால கூவம், தெக்கால செம்பரம்பாக்கம், நடுவுல இருக்குற நிலம் வேற எப்படி இருக்கும். எந்த இடத்துல எத்தனை நாள் நின்னுச்சுன்னு அன்னிக்கு மூட்டை தூக்கினவங்களைக் கேட்டா இன்னிக்கும் சொல்லுவாங்க.

நிலம் எடுக்குறது பத்தி நான் பேசுறது கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனமா தெரியலாம். ஆனா நிலத்தைக் குடுத்தவரு அதே ஊர்ல வாட்ச்மேனா நிக்கிறதை நான் தினம் பாக்குறேன், எங்க லேஅவுட் கேட்டுல இருக்குற அண்ணன் வயல்தான் எங்க நாலாவது தெரு. புனேவுல மகர்பட்டான்னு ஒரு இடம், 400 ஏக்கருக்கு மேல, விவசாயக் குடும்பங்களே நிலத்தை ஒண்ணா சேத்து கம்பெனி ஆரம்பிச்சு, குடுத்த நிலத்துக்கு ஏத்த மாதிரி பங்கு வச்சு டவுன்ஷிப் கட்டினாங்க. குஜராத்துல டவுன் பிளானிங் ஸ்கீம்னு, எல்லார் நிலத்தையும் சேத்து ரோடு பார்க்குக்கு ஒரு பங்கு எடுத்துட்டு மிச்சத்தை ஒழுங்கா வெட்டி சொந்தக்காரருக்கே திருப்பிக் குடுக்குறாங்க, பல வருஷமா நடக்குது. நம்ம சட்டத்துலயும் லேண்ட் பூலிங்குக்கு வழி வந்தாச்சு. ஆனா ஆந்திராவுக்குப் புதுத் தலைநகர் கட்ட நிலம் சேத்த அமராவதியையும் பாத்துக்கோங்க, 2015-ல 30,000 ஏக்கருக்கு மேல விவசாயிங்க நம்பிக் குடுத்தாங்க, 2019-ல ஆட்சி மாறினதும் எல்லாம் நின்னு போய் வருஷக்கணக்கா போராட்டப் பந்தல்லயே உக்காந்திருந்தாங்க. நிலத்தைச் சேக்குறதா இருந்தா திருப்பிக் குடுக்குற தேதியையும் சேத்து எழுதி, தேதி தவறினா மாசா மாசம் எவ்ளோன்னும் போடுங்க.

சின்ன விஷயம் ரெண்டு இருக்கு, சொல்லிட்டு முடிச்சிடறேன். ஒண்ணு ஓஎஸ்ஆர், அதாவது லேஅவுட்ல பொதுவுக்கு விடுற திறந்த இடம். பெரிய லேஅவுட்னா 10 பர்சென்ட் பொது இடம் விடணும்னு ரூல், விடுறாங்க, எங்க விடுறாங்கன்னா எதுக்கும் உதவாத மூலையில, முக்கோணமா, ஹை டென்ஷன் கம்பிக்குக் கீழ. எங்க ஓஎஸ்ஆர்ல பூட்டு தொங்குது, சாவி அசோசியேஷன் செகரெட்டரி வீட்டுல, அவரு பொண்ணு வீட்டுக்கு பெங்களூர் போனா பார்க்கும் லீவு. அந்த 10 பர்சென்ட்டை எங்க வைக்கணும்னு லேஅவுட் போடுறவர் முடிவு பண்ண விடாதீங்க, வாய்க்கால் எங்க போகுதோ அங்கதான்னு நீங்களே சொல்லிடுங்க, வாய்க்காலும் தப்பிக்கும், கரையோரம் நடக்குற இடமும் கிடைக்கும். மரம் வச்சீங்கன்னா நீர்மருது, நாவல், புங்கன், வேம்பு வைங்க, அவசரத்துக்கு குல்மொஹர் வச்சா 2016-ல வர்தா புயலுக்கு எத்தனை விழுந்துச்சுன்னு உங்களுக்கே தெரியும்.

ரெண்டாவது, மட்டம். இது யாரும் பேசவே மாட்டேங்குறாங்க. எங்க தெருவுல முதல்ல கட்டினவர் ரோட்டுல இருந்து ரெண்டடி பேஸ்மெண்ட் தூக்கினாரு, அடுத்தவர் மூணு, 2015-க்கு அப்புறம் வந்தவர் அஞ்சு. எல்லாரும் அடிச்சது சவுடு மண்ணு, அதுவும் ஏதோ ஒரு ஏரியில வெட்டினதுதான். ரோடு போடுறவங்க பழசைச் சுரண்டாம மேல மேல போட்டு முதல் வீட்டுக்காரர் இப்ப வாசல்ல இருந்து ரெண்டு படி இறங்கி வீட்டுக்குள்ள போறாரு, மழைக்கு அவரு ஹால்தான் தெருவுக்கு வடிகால். ஜாக்கி வச்சு வீட்டைத் தூக்க பல லட்சம் கேக்குறாங்களாம். புது ஊர்ல ஒவ்வொரு தெருவுக்கும் ரோடு மட்டம், வீட்டுத் தரை மட்டம், வாய்க்கால் மட்டம் மூணையும் கடல் மட்டத்துல இருந்து இத்தனைன்னு கல்லுல வெட்டி தெரு முனையில நட்டு வைங்க. ஏரிக் கலங்கல்ல அந்தக் காலத்துல அப்படித்தான் கல்லு நட்டு வச்சிருக்காங்க, தண்ணி அந்தக் கல்லைத் தொட்டா வழியும், யாரும் சண்டை போட முடியாது.

உங்க ஏரியா 1,189 சதுர கிலோமீட்டர்ல இருந்து 5,904 ஆயிருச்சு, மூணாவது மாஸ்டர் பிளான் 2046 வரைக்கும்னு போடுறீங்க. கருத்துக் கேட்பு கூட்டம்னு கல்யாண மண்டபத்துல ஏசி போட்டு வைப்பீங்க, நானும் ஒண்ணுக்கு வந்தேன், கலர் மேப்பை தூரத்துல ஸ்கிரீன்ல காட்டினாங்க, எங்க தெரு எங்க இருக்குன்னு கூட தெரியல, மைக் கைக்கு வர்றதுக்குள்ள சாப்பாடு ரெடின்னுட்டாங்க. சாப்பாடு நல்லா இருந்துச்சு. அடுத்த தடவை அந்தந்த ஊரு ஏரிக்கரையில வைங்க, மேப்பை தரையில பெருசா விரிச்சு வைங்க, கிராம மேப்பையும் கூடவே. தமிழ்ல பேர் எழுதின மேப்.

அதுக்கு முன்னாடி முடிஞ்சா இந்த ஐப்பசி கடைசியிலயோ கார்த்திகை முதல் வாரத்துலயோ ஒரு நாள் எங்க பக்கம் வாங்க. தாம்பரம் வெஸ்ட்ல இறங்கி முடிச்சூர் ரோட்டுல வரணும், மழை பெய்யுற அன்னிக்கே வரணும், விட்டப்புறம் வந்தா எதுவும் தெரியாது. அந்தப் பெரியவருக்கு இப்ப கண்ணு சரியா தெரியல, ஆனா புங்க மரம் வரைக்கும் கையைப் பிடிச்சு கூட்டிட்டு வந்துட்டா போதும், அதுக்கு மேல தண்ணி சத்தத்தை வச்சே எது வரத்துக்கால் எது போக்குன்னு சொல்லிடுவாரு, நான் கேட்டுப் பாத்திருக்கேன். ஷூ போட்டுட்டு வராதீங்க சார், ரப்பர் செருப்பு போதும். டீ நான் போட்டுத் தரேன்.

இப்படிக்கு,
மூணாவது தெரு, வளைவுல இருந்து ரெண்டாவது வீடு